மலையேறாத மீன்

வாப்பாவின் உடலைச் சுமந்த ஜனாஸா வாசலைத் தாண்டிய நேரத்தில் ரய்யா ஃப்ரிட்ஜுக்குள் தலையை விட்டிருந்தாள்.

முற்றத்தில் ஆண்களின் குரல்கள் எழுந்து, தெருவில் இறங்கி, பேரீச்சந்தோப்பைச் சுற்றிக்கொண்டு அடக்கத்தலத்துப் பக்கமாகத் தேய்ந்தன. பெண்கள் எல்லாரும் கூடத்தில் இருந்தார்கள். அவளுக்குக் கிடைத்தது ஐந்து நிமிடம். மோர்ப் புட்டிகளை நகர்த்தினாள். இறைச்சிப் பையைத் தூக்கிப் பார்த்தாள். கீழ்த்தட்டில், காய்ந்த எலுமிச்சை மூட்டைக்குப் பின்னால், பழைய பிஸ்கட் தகரடப்பா ஒன்று சில்லென்று கையில் பட்டது.

மூடியைத் திறந்தாள். சுண்டுவிரல் நீளத்தில் இருபது பிளாஸ்டிக் குழாய்கள். ஒவ்வொன்றிலும் பாதியளவு ஆல்கஹால். ஒவ்வொன்றின் மேலும் வாப்பாவின் கையெழுத்து. நான்காம் வகுப்போடு நின்றுபோன, பேனாவை அழுத்தி எழுதும் கையெழுத்து: 9. உம்மு ஸித்ர். புதன்.

ஒன்றை எடுத்து ஃப்ரிட்ஜ் விளக்குக்கு நேராகப் பிடித்தாள். மீன்வாலின் நுனி, வெட்டிய நகத்துண்டு அளவுக்கு, அடியில் கிடக்க வேண்டும். இல்லை. அடுத்ததிலும் இல்லை. இருபதும் காலி.

"அங்க என்ன தேடுற?"

உம்மா அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். ரய்யா டப்பாவை எலுமிச்சை மூட்டைக்குப் பின்னால் தள்ளிவிட்டு நிமிர்ந்தாள்.

"பால் தேடினேன் உம்மா. வந்தவங்களுக்குக் காவா கொடுக்கணும்ல."

"காவாவுல யாருடி பால் ஊத்துவா?"

உம்மா அவளையும் ஃப்ரிட்ஜையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அந்தக் கறுப்புக் காப்பிக்கு ஏலக்காய் டப்பாவை எடுத்துக்கொண்டு போனாள்.

ரய்யாவுக்குத் தலைநகரில், பல்கலைக்கழகத்து ஆய்வகத்தில் வேலை. இந்த மலையின் ஓடைகளில் விரல் நீளத்துக்கு மேல் வளராத ஒரு மீன் உண்டு. பதினோரு இடங்களில் அந்த மீனைப் பிடித்து, வால் நுனியை மட்டும் கத்தரித்துக்கொண்டு மறுபடி தண்ணீரில் விட்டுவிட வேண்டும். நுனியிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுத்து, எந்த ஓடை மீனுக்கு எந்த ஓடை மீன் எவ்வளவு நெருங்கிய உறவு என்று பார்ப்பார்கள். மீன் பிடித்துத் தர, மலைப்பாதை தெரிந்த ஓர் ஆள் தேவைப்பட்டபோது வாப்பாவின் பெயரைச் சொன்னது ரய்யாதான். வாப்பா ஸஹ்ரான் முப்பது வருஷம் நீர்வளத் துறையில் மழைமானி பார்த்தவர். அவர் கால்படாத பாறை இந்தப் பக்கத்தில் இல்லை. கைக்குழந்தைக்கு நகம் வெட்டுவதைப்போல மீனுக்கு வால் வெட்டுகிறார் என்று ஆய்வகத்தில் பேசிக்கொண்டார்கள்.

பத்து இடங்களின் முடிவு எதிர்பார்த்தபடி வந்தது. செங்குத்துப் பாறைகளும் வறண்ட பள்ளங்களும் குறுக்கே நிற்பதால், ஒவ்வோர் ஓடையின் மீனும் பல்லாயிரம் வருஷமாகப் பெண் கொடுக்காமல் பெண் எடுக்காமல் தனித்தனிக் குடும்பமாக இருந்தது. ஒன்பதாம் எண் மட்டும் அப்படி வரவில்லை. உம்மு ஸித்ர் என்பது மலைக்கு மேலே நான்கு வீடுகள் உள்ள ஊர். அங்கிருந்து விழும் தண்ணீர் அந்தப் பக்கம் பாலைவனத்துக்குப் போகிறது. கீழே ரய்யாவின் ஊர்த் தண்ணீர் இந்தப் பக்கம் கடலுக்குப் போகிறது. இரண்டு தண்ணீரும் எங்கும் சேர்வதில்லை. ஆனால் உம்மு ஸித்ர் குளத்து மீன் என்று வந்த இருபது வாலும், வாப்பா வீட்டு வாசலில் ஓடுகிற ஃபலஜ் வாய்க்கால் மீனோடு துளி வித்தியாசம் இல்லாமல் பொருந்தின.

ஆய்வகத் தலைவி டாக்டர் தமாதிர் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினாள்.

"மீன் மலையேறாது ரய்யா. மனுஷன்தான் ஏறணும். உங்க வாப்பா ஏறினாரான்னு கேளு."

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வாப்பாவின் இதயக் குழாய்க்குள் கம்பிவலை வைத்திருந்தார்கள். ஏற்றம் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். உம்மு ஸித்ருக்கு ஐந்து மணி நேர ஏற்றம். வாய்க்காலோ வாசலில் ஓடுகிறது. வேறு யாருடைய தகப்பனாக இருந்தாலும் ரய்யா யோசிக்கவே தேவையில்லாமல் ஒரு முடிவுக்கு வந்திருப்பாள்.

திங்கட்கிழமை அழைத்தாள்.

"வாப்பா, ஒண்ணு கேப்பேன். உண்மையச் சொல்லணும். ஒம்பதாம் நம்பர் மீன மேலதான் புடிச்சீங்களா? இல்ல நம்ம வாய்க்கால்லயா?"

"மேலதான்."

"நிச்சயமா?"

அவருக்குப் பின்னால் ஆடு கத்தியது.

"இத அவங்க கேக்குறாங்களா, நீ கேக்குறியா?"

"நான்தான் கேக்குறேன் வாப்பா."

"சரி" என்று சொல்லி வைத்துவிட்டார்.

புதன்கிழமை விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டுக் கிளம்பியவர், பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு திரும்பினார். கணுக்கால்வரை தொங்கும் நீளச் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. காவா குடித்தார். சூரியன் சாய்ந்ததும் மக்ரிபுக்கு எழுப்பு என்று சொல்லிப் படுத்தார். உம்மா எழுப்பப் போனாள்.

இப்போது கூடத்தில் பக்கத்து வீட்டு ஷம்ஸா, பேரீச்சம்பழத் தட்டை முன்னால் இழுத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள். அழுகை ஓய்ந்து பேச்சு தொடங்கும் நேரம் அது.

"செவ்வாக்கெழம சாயங்காலம்கூடப் பாத்தேனே! வாய்க்கால்ல முழங்கால் தண்ணியில நின்னு வலை போட்டுக்கிட்டு இருந்தாரு. 'என்ன ரய்யா வாப்பா, பென்ஷன் பத்தலையா, மீன் வியாபாரமா'ன்னு கேட்டேன். எப்பவும் திருப்பி ஒண்ணு சொல்வாரு. அன்னிக்குச் சிரிக்கக்கூட இல்ல."

"எந்த வலை, ஷம்ஸா மாமி?" ரய்யாவின் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

"உங்க பல்கலைக்கழகத்து வலைதான். பச்சைக் கைப்பிடி."

செவ்வாய்க்கிழமை வாய்க்காலில் வலை. பெயரெல்லாம் எழுதிவைத்த காலிக் குழாய்கள். மழையில்லாத நாளில் நனைந்த சட்டை. அவளால் சேர்க்காமல் இருக்க முடியவில்லை. மீனைப் பிடித்து எங்கேயோ வைத்திருக்கிறார். மேலே போன மாதிரி ஒரு பகல் முழுக்க வெளியே இருந்துவிட்டு, வால் வெட்டி அடைப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்படி நினைத்ததும் அவள் எழுந்து தாழ்வாரத்துக்குப் போனாள். உம்மு ஸித்ர் பாதையில் கடைசி ஒரு மைல் செம்மண். செருப்பின் அடியில் ஒட்டியிருந்தால் போதும்.

செருப்பு சுவரில் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. அடியைத் திருப்பிப் பார்த்தாள். பள்ளம் பள்ளமாகச் சுத்தமாக இருந்தது.

"கழுவிட்டேன்" என்றாள் உம்மா, பின்னாலிருந்து.

"ஏன் உம்மா?"

"மௌத்தான வீட்டுல அழுக்குச் செருப்பு கெடக்கலாமா? சட்டையும் துவைச்சாச்சு, கொடியில காயுது. வேற எதாவது மோந்து பாக்கணுமா?"

"சட்டை எங்க நனைஞ்சிருந்துச்சு? முட்டிக்குக் கீழயா?"

"தோள்லேருந்து முதுகு வரைக்கும். 'மேல மழையா'ன்னேன். 'காவா குடு'ன்னாரு." உம்மா செருப்பை அவள் கையிலிருந்து வாங்கிப் பழையபடி சுவரில் சாத்தினாள். "திங்கக்கெழம நீ ஃபோன் பண்ணினே. அன்னிக்கு ராத்திரி அவரு சோத்தத் தொடல. என்ன கேட்டே?"

"சும்மாதான் உம்மா. உடம்பு எப்படின்னு."

"அவரும் ஒம்பது வருஷமா 'சும்மாதான் போனேன்'னு சொன்னாரு. இந்த வீட்டுல நான் ஒருத்திதான் எல்லாத்தையும் வெளியில காயப் போடுறேன்."

மறுநாள் நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு டாக்டர் தமாதிர் வந்தாள். மூன்று மணி நேரம் தானே கார் ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள். உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்தாள். காவா குடித்தாள். பிறகு கை கழுவப் போவதுபோல அடுக்களைப் பக்கம் வந்தாள். ரய்யா ஃப்ரிட்ஜ் கதவில் சாய்ந்து நின்றாள்.

"இப்பப் போய்க் கேக்குறேன்னு நினைக்காத. புதன்கிழமை மறுபடி போனாருன்னு நீ ஃபோன்ல சொன்னே. குழாய் எதுவும் வெச்சிருந்தாரா?"

"இல்ல டாக்டர். தேடிப் பாத்தேன். எதுவும் இல்ல."

தமாதிர் அவள் முகத்தைப் பார்த்தாள். பார்வை ஃப்ரிட்ஜுக்குப் போய்த் திரும்பியதா இல்லையா என்று ரய்யாவால் சொல்ல முடியவில்லை.

"நல்லதாப் போச்சு. ஒம்பதாம் நம்பர விட்டுடலாம். பத்து இடம் போதும். ஏன் விட்டோம்னு யாருக்கும் எழுத வேணாம். நன்றிப் பக்கத்துல அவரு பேரு இருக்கும்."

அது பெருந்தன்மை. ரய்யா ஃப்ரிட்ஜ் கதவைவிட்டு நகராமல் "சரிங்க டாக்டர்" என்றாள்.

கார் போன பிறகும் உம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அடுக்களையில பேசற அளவுக்கு உங்க டாக்டருக்கு அப்படி என்ன ரகசியம்?" என்று மட்டும் கேட்டாள். கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

மூன்றாம் நாள், துக்கம் விசாரிக்கும் கடைசி நாள், கூட்டம் குறைந்திருந்தது. பத்து மணிவாக்கில் ஒரு கிழவி தடியை ஊன்றிக்கொண்டு உள்ளே வந்தாள். கணுக்கால்வரை சிவப்பு மண். ஸலாம் சொன்னாள். இறந்தவருக்காகத் துஆ ஓதினாள். பேரீச்சம்பழம் ஒன்றை வாயில் அதக்கிக்கொண்டு மூன்று குவளை காவா குடித்தாள். போதும் என்று குவளையை ஆட்டிக் கீழே வைத்தாள்.

"நான் வர்தா. உம்மு ஸித்ர்லேருந்து வர்றேன்."

உம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, கிழவியை உச்சியிலிருந்து பாதம்வரை பார்த்தாள். பிறகு மறுபடி பாதத்திலிருந்து உச்சிவரை.

"ஒரு கேள்வி இருக்கு. கேட்டுட்டுப் போயிடுறேன்" என்றாள் வர்தா. "மௌத்தானவரப் பத்திக் குறையாச் சொல்லக் கூடாது. ஆனா எங்க மேல அவருக்கு என்ன கோவம்?"

"கோவமா?"

"புதன்கெழம வந்தாரு. கேன் நெறைய மீன் கொண்டாந்தாரு, எப்பவும்போல. கொளத்தங்கரையில எறக்கி வெச்சாரு. ஆனா விடல. மறுபடி தோள்ல ஏத்திக்கிட்டு எறங்கிட்டாரு. கொண்டாந்த சீர யாராச்சும் திருப்பி எடுத்துட்டுப் போவாங்களா? நாலு வீட்டுக்காரங்களும் வாயப் பொளந்து பாத்துக்கிட்டு நின்னோம். நாங்க என்ன தப்பு பண்ணினோம்?"

ரய்யா கிழவியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "மீனா? எந்த மீன்?"

"உங்க வாய்க்கால் மீன்தான் புள்ள. வேற எத கொண்டாருவாரு?" வர்தாவுக்கு இவள் ஏன் கேட்கிறாள் என்று புரியவில்லை. "பத்து வருஷத்துக்கு முன்னாடி கொளம் சுத்தமா வத்திப்போச்சு. இருந்த மீனெல்லாம் பாறையிலயே கருவாடாச்சு. அடுத்த வருஷம் மழ பேஞ்சு தண்ணி நின்னுச்சு. தண்ணி இருந்து என்ன, மீன் இல்ல. மீன் இல்லாத தண்ணிய நம்பி யாரு குடிப்பா? புழு நெளியுது. மழ அளக்க வந்த ஸஹ்ரான் பாத்தாரு. அடுத்த தடவ ஒரு கேன் மீனோட வந்தாரு. அதுலேருந்து வருஷத்துக்கு மூணு தடவ, நாலு தடவ. 'எதுக்குச் செரமம்'னு கேட்டா, 'மலைக்கு வெறுங்கைய வீசிக்கிட்டா வர்றது'ன்னுவாரு."

ரய்யா தானே தயாரித்துக் கொடுத்த படிவத்தை நினைத்துக்கொண்டாள். பிடித்த இடம், நாள், நேரம், ஆழம், தண்ணீரின் சூடு எல்லாவற்றுக்கும் அதில் கட்டம் இருந்தது. அந்த மீனை அங்கே யார் விட்டது என்று கேட்க ஒரு கட்டம் இல்லை. வாப்பாவிடம் எங்கே பிடித்தீர்கள் என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். அவர் மேலேதான் என்றார். மேலேதான் பிடித்தார்.

"புதன்கெழம என்ன நடந்துச்சு? விடாம சொல்லுங்க."

"கேன எறக்கி வெச்சுட்டு, வலைய எடுத்தாரு. ரெண்டு மீனப் புடிச்சு உள்ளங்கையில வெச்சுப் பாத்தாரு. கேன்லேருந்து ஒண்ண எடுத்துப் பக்கத்துல வெச்சுப் பாத்தாரு. 'வர்தா, பழைய மீன் எப்படி இருக்கும்? ஞாபகம் இருக்கா'ன்னாரு. வெளுப்பா இருக்கும், செவுள்கிட்ட ரெண்டு புள்ளி இருக்கும்னேன். 'ஒண்ணுகூட இல்லையா இப்ப'ன்னாரு. முஹன்னா தொட்டியில மட்டும் இருக்குன்னேன். அவன் தொட்டிக்குத் தனி ஊத்து, அது வத்தவே இல்ல. அப்படியே கல்லு மேல உக்காந்துட்டாரு."

"முஹன்னான்னா?"

"எங்க வீட்டுக்காரரோட தம்பி. ஆள் இல்ல, சிடுக்கு. எங்ககூடப் பேசிப் பன்னெண்டு வருஷமாச்சு. உங்க வாப்பா மேல இன்னும் மோசம். சர்க்கார் ஆளு, தண்ணிய அளந்துட்டுப் போயி வரி போடுவான்னு அவனுக்கு சந்தேகம். எல்லாத் தொட்டியிலயும் மீன் விட்டப்ப அவன் மட்டும் இரும்பு மூடி போட்டுப் பூட்டிட்டான். 'உங்கிட்ட இருக்குற பழைய மீன நாலு குடுடா'ன்னு நாங்க போய்க் கேட்டதுக்குத் தவளைய விட்டுக்கங்கன்னான். புதன்கெழம ஸஹ்ரான் அவன் வாசல்ல போயி நின்னாரு. ரொம்ப நேரம் நின்னாரு. என்ன பேசினாங்கன்னு தெரியாது. திரும்பி வந்தவரு கேனத் தூக்கிக்கிட்டு எறங்கிட்டாரு. மூடி சரியா இல்ல, தண்ணி முதுகெல்லாம் வழிஞ்சுது."

வர்தா தொழப் போனதும் உம்மா ரய்யாவின் காதருகே குனிந்தாள்.

"இவதானா?"

"யாரு?"

"ஒம்பது வருஷமா ஒரு மனுஷன் உம்மு ஸித்ர், உம்மு ஸித்ருன்னு போனா நான் என்னத்த நெனைக்கிறது? அங்க ஒருத்தி இருக்கான்னு நெனச்சேன். வருவா, மூணு நாளைக்குள்ள கட்டாயம் வருவான்னு வாசலயே பாத்துக்கிட்டிருந்தேன்." உம்மா தொழுகைப் பாயில் குனிந்து நிமிரும் கிழவியைப் பார்த்தாள். "வாயில பல்லுகூட இல்லடி."

சிரிப்புபோல ஆரம்பித்தது வேறொன்றாக முடிந்தது. மூன்று நாளில் அப்போதுதான் உம்மா அழுதாள்.

அஸருக்குப் பிறகு, இரண்டு பேரும் அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது ரய்யா திங்கட்கிழமை கேட்டதைச் சொன்னாள். கேட்ட வார்த்தைகளை அப்படியே சொன்னாள். அவர் கேட்டதையும், அதற்குத் தான் சொன்ன பதிலையும் சொன்னாள். உம்மாவின் கை முறத்தில் நின்றது. ஒரு கல்லைப் பொறுக்கி எடுத்தாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அதை வெகுநேரம் உருட்டினாள்.

"மேல போறதுக்கு சுபுஹுக்கு முன்னாடியே கெளம்பு. வெயில் ஏறிட்டா பாறை சுடும்" என்றாள் கடைசியில்.

வர்தா அன்றிரவு அங்கேயே தங்கினாள். ரய்யா டாக்டர் தமாதிருக்கு ஒரு செய்தி அனுப்பினாள்: ஒன்பதாம் எண்ணை விட வேண்டாம், இரண்டு நாள் பொறுங்கள். ஏன் என்று உடனே கேள்வி வந்தது. ரய்யா ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள்.

ஏறுவதற்கு ஆறு மணி நேரம் ஆனது. எழுபதை நெருங்கும் வர்தா முன்னால் போய்ப் போய் நின்று இவளுக்காகக் காத்திருந்தாள். இரண்டு இடத்தில் பாறையைக் கையால் பிடித்து ஏற வேண்டியிருந்தது. இங்கே இருபது லிட்டர் தண்ணீரைத் தோளில் வைத்துக்கொண்டு எந்தக் கையால் பிடித்திருப்பார் என்று ரய்யா இரண்டு இடத்திலும் யோசித்தாள்.

இலந்தை மரத்தடிக்கு வந்ததும் வர்தா நின்றுவிட்டாள்.

"அதோ, நீலக் கதவு. நான் வர மாட்டேன்."

"வாப்பா மௌத்தானது அவருக்குத் தெரியுமா?"

"யாரு சொல்லுவா? இந்த ஊர்ல நாலு வீடு. மூணுதான் பேசும். வேணும்னா நீ சொல்லிக்க."

கதவைத் தட்டுவதற்குள் குரல் வந்தது. "யாரு? அங்கயே நில்லு."

"அஸ்ஸலாமு அலைக்கும், மாமா."

"மாமாவா? எனக்குத் தங்கச்சியும் கெடையாது, மருமகளும் கெடையாது. யார் வீட்டுப் பொண்ணு?"

"கீழூர். ஸஹ்ரானோட மக."

கதவு ஒரு சாண் திறந்தது. வெயிலில் வற்றிய ஒரு முகம். ஒரு கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. மற்றக் கண் அவள் தோள்பையையே பார்த்தது.

"மழ அளக்கிறவனோட மகளா? மொதல்ல மழைய அளந்தான். அப்புறம் கெணத்த அளந்தான். நாளைக்கு என் தாகத்தையும் அளப்பான். பையில என்ன? கேனா?"

"கேன் இல்ல. கத்தரி, குழாய், அவ்வளவுதான்."

"தொறந்து காட்டு."

காட்டினாள். கத்தரியை வாங்கி முனையைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தான் கிழவன். கதவு இன்னொரு சாண் திறந்தது.

"புதன்கெழம உங்கப்பன் வந்தான். இந்தக் கல்லுமேலதான் உக்காந்தான். மூச்சு வாங்குச்சு. நடிக்கிறான்னு நெனச்சேன். தண்ணி குடுத்தேன், குடிச்சான். இத்தன வருஷத்துல என் தண்ணிய அன்னிக்குத்தான் குடிச்சான். 'முஹன்னா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்'னான். 'ஒண்ணுதானா'ன்னேன்." கிழவன் தன் பதிலைத் தானே ரசித்துக்கொண்டான். "உன் மீனோட வால் நுனி கொஞ்சம் குடுன்னான். ஒம்பது வருஷமா தன் மீன என் தொட்டியில தள்ளப் பாத்தவன், இப்ப என் மீன் வால் கேக்குறான். எதுக்குன்னேன். என் மக கேக்குறான்னான். மக கேட்டா மக வரட்டும், உன்ன நான் நம்ப மாட்டேன்னு சொல்லி அனுப்பினேன்." அவன் அவளைக் கூர்ந்து பார்த்தான். "வந்து சொன்னானா உங்கிட்ட?"

ரய்யா பையின் வாயை இறுக்கிக் கட்டினாள். முடிச்சு விழ நேரமானது.

"சொன்னாங்க" என்றாள்.

"ம். சொன்னத மாத்தாமச் சொல்லியிருக்கான். பரவால்ல."

இடுப்புக் கயிற்றிலிருந்து சாவியை எடுத்து, தொட்டியின் பூட்டைத் திறந்தான். இரும்பு மூடியைத் தூக்க அவள் கை கொடுத்தாள். உள்ளே இருட்டும் குளிர்ச்சியும். கண் பழகியதும் தெரிந்தன. பிசைந்த மாவின் நிறத்தில், கீழூர் மீனைவிடச் சிறியவையாக, சுவரை ஒட்டி ஐம்பது அறுபது மீன்கள். வெளிச்சம் பட்டும் ஓடவில்லை. முஹன்னா ஒரு தகரக் கிண்ணத்தை முழங்கைவரை உள்ளே விட்டு, அவசரமில்லாமல் ஒன்றை மொண்டு அவளிடம் நீட்டினான்.

அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். செவுளருகே இரண்டு புள்ளி. தோலுக்குள் ரத்தம் ஓடுவது வெளியே தெரிந்தது.

"வெட்டினதும் திருப்பி விடணும். எண்ணி வெச்சிருக்கேன்."

"விட்டுடுவேன்."

"இத உங்கப்பன் கண்ணுல காட்டாத. பாத்தான்னா தர்மம்னு இன்னொரு ஊர்த் தொட்டிக்குத் தூக்கிக்கிட்டு ஓடுவான்."

"காட்ட மாட்டேன்."

முஹன்னா கல்லின்மேல் உட்கார்ந்து, வெள்ளை படராத கண்ணால் மலையின் கீழ்ப்பக்கத்தைப் பார்த்தான். யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னான்.

"அடுத்த தடவ ஏறி வந்தா நேரா இங்க வரச் சொல்லு. கேன் இல்லாம. காவா போட்டு வெக்கிறேன். நானும் மனுஷன்தான்."

"சொல்றேன்."

"கிண்ணத்தக் கீழ வை புள்ள. தண்ணி தளும்புது."

அவள் குனிந்து கிண்ணத்தைப் பாறைமேல் வைத்தாள். தண்ணீரின் ஆட்டம் அடங்கக் கொஞ்ச நேரமானது. மீன் அடியில் படிந்து, செவுளை மட்டும் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.